பாழடைந்த கால்வாய் லாக்: எதைப் பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது

கால்வாய் லாக் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் பனாமா கால்வாய் வீடியோ ஒன்றை அனுப்பிவிடுவோம். பெரிய கப்பல் ஒரு தொட்டிக்குள் வரும், கதவு மூடும், தண்ணீர் ஏறும், கப்பலும் ஏறும், அடுத்த கதவு திறக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கியமான விஷயமெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதால், கதவு எதன்மேல் போய் உட்காருகிறது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவு பாரத்தை அது எப்படித் தாங்குகிறது என்பதெல்லாம் கடைசிவரை கண்ணில் படாது. என்னைக் கேட்டால், லாக்கைப் புரிந்துகொள்ள நல்ல இடம் கப்பல் ஓடுகிற கால்வாய் இல்லை. எப்போதோ கைவிடப்பட்டு, தண்ணீர் வற்றி, மரங்களுக்கு நடுவே கிடக்கிற பழைய லாக்தான். கதவு மக்கிப்போயிருக்கும், சுவர் மட்டும் நிற்கும். அந்தச் சுவரிலேயே பாதிக் கதை இருக்கிறது.

அப்படிப் பார்க்க நான் எல்லோருக்கும் சொல்கிற இடம் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகரத்துக்கு மேலே பொடோமாக் ஆற்றங்கரையில் இருக்கிற கிரேட் ஃபால்ஸ் பூங்கா. இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அருவி பார்க்க இங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறோம். அருவியைப் பார்த்து, போட்டோ எடுத்து, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அருவிப் பக்கத்திலிருந்து ஆறு போகிற திசையிலேயே கொஞ்சம் நடந்தால் 1802-இல் திறந்த ஐந்து லாக்குகளின் மிச்சம் இருப்பது பலருக்குத் தெரியாது. வாரநாளில் போனால் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே குறைவு.

முதலில் லாக் எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம். படகுக்குத் தட்டையான தண்ணீர் வேண்டும். ஆறோ மலையிலிருந்து இறங்கி வருவது. சரிவு கொஞ்சமாக இருந்தால் படகு சமாளித்துவிடும். கிரேட் ஃபால்ஸ் மாதிரி இடத்தில் ஒரு மைலுக்குள் 76 அடி பாறை பாறையாக இறங்குகிறது, அங்கே எந்தப் படகும் பிழைக்காது. அதனால் அருவியைச் சுற்றிக்கொண்டு கரையில் ஒரு கால்வாய் வெட்டுகிறார்கள். ஆனால் சுற்றிப் போனாலும் அந்த 76 அடியை எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? வெறும் வாய்க்காலாக வெட்டிவிட்டால் அதுவும் இன்னொரு அருவியாகிவிடும். ஆகவே கால்வாயைத் தட்டையாகவே கொண்டுபோய், இறங்க வேண்டிய உயரத்தை ஓரிரண்டு இடங்களில் மட்டும் சேர்த்து வைத்து, அங்கே ஒரு அறை கட்டி, இரண்டு பக்கமும் கதவு போட்டுப் படகை இறக்குகிறார்கள். அந்த அறைதான் லாக்.

மேலே இருந்து படகு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கதவு மூடியிருக்கிறது, அறை நிறையத் தண்ணீர், மேல் கால்வாயும் அறையும் ஒரே மட்டம். மேல் கதவைத் திறந்து படகை உள்ளே தள்ளி, பின்னால் கதவைச் சாத்துகிறார்கள். அப்புறம் கீழ்ப் பக்கத்து மதகைத் திறந்துவிட்டால் அறையில் உள்ள தண்ணீர் கீழ்க் கால்வாய்க்கு வடிகிறது, படகும் கூடவே இறங்குகிறது. இரண்டு மட்டமும் சமமானதும் கீழ்க் கதவைத் திறந்து படகு வெளியே போய்விடும். மேலே ஏற வேண்டிய படகுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இதில் பம்பு கிடையாது, எந்திரம் கிடையாது. தண்ணீர் தன் பாட்டுக்கு மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது, நாம் அதை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம். இவ்வளவு எளிமையான ஒரு யோசனை 20 டன் படகைத் தூக்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பரவசமாக இருக்கிறது.

இந்த யோசனை ஐரோப்பாவில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 984-இல் சீனாவில், சொங் அரசில் போக்குவரத்து அதிகாரியாக இருந்த சியாவ் வெய்யுவே என்பவர் பெருங்கால்வாயில் இரட்டைக் கதவுள்ள லாக்கைக் கட்டியதாக அந்த நாட்டு வரலாறு சொல்கிறது. அதற்கு முன்னால் மட்டம் மாறுகிற இடத்தில் படகுகளைச் சரிவான மேடையில் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவார்கள். அப்படி இழுக்கும்போது படகு உடையும். உடைந்த குழப்பத்தில் வரி நெல்லும் திருட்டுப் போகும். திருட்டுக்கு முடிவு கட்டத்தான் அவர் லாக் கட்டினாராம். கதவுகள் அங்கே மேலே தூக்குகிற பலகைகள். இரண்டு இலைகளாகப் பிரிந்து கோணமாகச் சேர்கிற கதவு பிறகு வந்தது. மிலான் நகரத்துக் கால்வாய்களுக்காக லியனார்டோ டாவின்சி வரைந்த படங்களில் அது இருக்கிறது, இன்றைக்கும் உலகத்தில் பாதி லாக்குகளுக்கு மேல் அந்தக் கதவுதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாழடைந்த லாக்கில் நீங்கள் தேடப்போவது அதன் தடயங்களைத்தான். இரண்டு இலைகளும் சேர்ந்த அகலம் அறையின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அதனால் சாத்தும்போது அவை நேர்கோட்டில் சேராமல், ஒரு கூர்மையாக, தண்ணீர் உயரமாக நிற்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சேரும். தண்ணீர் அந்தக் கூர்முனையை அழுத்த அழுத்த இரண்டு இலைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இன்னும் இறுக்கமாகும். தாழ்ப்பாள் தேவையே இல்லை. 18 அடி ஆழத் தண்ணீர் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறக்குறைய அரை டன் அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தத்தையே பூட்டாக மாற்றிக்கொண்டார்கள். இதிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகிற வரைக்கும் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு அசையாது, சமமானதும் ஒரே ஆள் தள்ளித் திறந்துவிடலாம். அவசரப்பட்டுத் திறந்து படகைக் கவிழ்க்க வழியே இல்லை.

சரி, இப்போது நடக்க ஆரம்பிக்கலாம்.

பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே கால்வாய் போகிறது, ஆனால் முதலில் அது கால்வாயாகவே தெரியாது. ஒரே அகலத்தில், வளைவு நெளிவு அதிகம் இல்லாமல் போகிற ஒரு பள்ளம். அடியில் இலைச் சருகு, சில இடத்தில் தேங்கிய தண்ணீர், நடுவிலேயே பெரிய மரங்கள். இயற்கையான ஓடை இப்படி ஒரே மட்டத்தில் போகாது. அதுதான் முதல் அடையாளம். ஓடை என்றால் தாழ்வான இடத்தைத் தேடி வளைந்து போகும், கால்வாய் என்றால் ஒரு பக்கம் மண்மேடு போட்டு, சரிவின் நடுவில் தன் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நீங்கள் நடக்கிற பாதைக்கும் ஆற்றுக்கும் உயர வித்தியாசம் கூடிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ஆறு இறங்கிக்கொண்டே இருக்கிறது, கால்வாய் இறங்கவில்லை. லாக்கில் மொத்தமாக இறங்க வேண்டிய உயரம் உங்கள் கண் முன்னாலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் எந்த ஊர்ப் பழைய கால்வாயையும் உங்களால் அடையாளம் கண்டுபிடிக்க முடியும்.

கொஞ்ச தூரத்தில் பள்ளம் அகலமாகிறது. படகுகள் தங்கள் முறை வருகிறவரை காத்திருந்த குளம் அது. சுங்கம் கட்டுவது, சரக்கைச் சரிபார்ப்பது எல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கும். அதைத் தாண்டியதும் கருங்கல்லும் செங்கல்லும் இல்லாத, கொஞ்சம் சிவப்பு ஓடிய மணற்கல் சுவர்கள் வருகின்றன. இந்தக் கல் ஆற்றில் மேலே மேரிலாந்துக் கரையில் உள்ள செனிகா குவாரியிலிருந்து வந்தது. பிற்காலத்தில் வாஷிங்டன் நகரத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கோட்டை மாதிரி இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கட்டியதும் செனிகாக் கல்லில்தான்.

மேலே உள்ள இரண்டு லாக்குகளும் கல்லடுக்கிக் கட்டியவை. சுவருக்கு மேலே ஏறாதீர்கள், இறங்கவும் வேண்டாம். கரையில் நின்றே எல்லாம் தெரியும். முதலில் சுவர் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று உள்ளே ஒதுங்குகிற இடத்தைத் தேடுங்கள். திறந்த கதவு படகுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்பதற்கு விட்ட பள்ளம் அது. இரண்டு இலைக் கதவு வைத்த பழைய லாக் எதுவானாலும் இந்த ஒதுக்கம் இருக்கும், அதன் ஒரு முனையில் மேலிருந்து கீழ்வரை அரைவட்டமாகச் செதுக்கிய ஒரு குழிவும் இருக்கும். கதவின் முதுகுக் கட்டை நின்று சுழன்ற இடம் அது. நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கீலே இல்லாமல், மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழல்கிற கனத்த கதவைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். கட்டையின் பாரம் அடிக் குடுமியில் நிற்கும், தண்ணீரின் தள்ளுவிசை முழுக்கக் குழிவில் இறங்கி, அங்கிருந்து சுவருக்குப் போய், சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணுக்குப் போய்விடும். அதனால்தான் கதவு நிற்கிற பக்கத்தில் மட்டும் பெரிய பெரிய கற்களாகப் போட்டு, மற்ற இடத்தில் சின்னக் கல்லோடு சிக்கனம் பண்ணியிருப்பார்கள்.

ஒதுக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே லாக் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடி வரைக்கும் நடந்து பாருங்கள், சுமார் 100 அடி. எழுபத்தைந்து அடி நீளம் வரை இருந்த படகுகள் வந்து போன இடம் என்பதால் அந்த நீளம். தரை மண்ணுக்குள் புதைந்திருக்கிற லாக்குகளில் கதவின் அடி மோதி நின்ற கூரான படி தெரியாது. தெரிந்தால் அதன் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள், மேட்டுப் பக்கம் அதுதான்.

கற்களை நெருக்கமாகப் பாருங்கள். சிலவற்றின் முகத்தில் சின்னதாக ஒரு குறி வெட்டியிருக்கும்: நட்சத்திரம் மாதிரி, குறுக்குக் கோடு மாதிரி, அம்பு மாதிரி. கல்தச்சர்களின் சொந்தக் குறிகள் இவை. செதுக்கிய கல்லின் கணக்குக்குக் கூலி என்பதால் தன் கல் எது என்று காட்ட ஒவ்வொருவரும் தனக்கென ஒரு குறி வைத்திருந்தார்கள். பெயர் எதுவும் பதிவில் இல்லாத மனிதர்கள் விட்டுப்போன கையெழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது குறி நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். விரலால் தடவாதீர்கள், மணற்கல் உதிரும்.

இந்தக் கால்வாயைக் கட்டியவர்களில் எல்லோரும் கூலி வாங்கியவர்களும் இல்லை. கால்வாயைக் கட்டிய பொடோமாக் கம்பெனி சம்பளத்துக்கு ஆள் வைத்தது, போதவில்லை. பயணச் செலவுக்காகத் தங்களை வருடக்கணக்கில் எழுதிக்கொடுத்து அட்லாண்டிக் கடந்து வந்த ஒப்பந்த வேலையாட்களை வாங்கியது. அப்புறம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களிடமிருந்து கறுப்பின அடிமைகளை வாடகைக்கு எடுத்தது, அந்த வாடகை எஜமானனுக்குப் போனது, கல்லுடைத்தவனுக்கு இல்லை. ஓடிப்போய்ப் பிடிபட்ட ஒப்பந்த ஆட்களுக்குத் தலைமுடியையும் புருவத்தையும் மழித்துவிட்டார்கள், மறுபடி ஓடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்று. வெடிமருந்து வேலை வேறு. இந்தச் சுவர்களை அழகு என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1785-இல் ஆரம்பித்து, நாட்டின் முதல் ஜனாதிபதி ஆகும் வரைக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு இது வெறும் வியாபாரம் இல்லை. மேற்கே மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் குடியேறியவர்கள் தங்கள் தானியத்தையும் சாராயத்தையும் இந்தப் பக்கம் கொண்டுவர வழியில்லை என்றால் மிசிசிப்பி வழியாக ஸ்பெயின்காரனோடு வியாபாரம் பண்ணப் போய்விடுவார்கள், நாடு இரண்டாகிவிடும் என்று கவலைப்பட்டார். இங்கே ஒரு சங்கதி உண்டு. பொடோமாக் ஆறு இரண்டு மாநிலங்களுக்கு எல்லை. அதில் படகு விடுவது யார், சுங்கம் யாருக்கு என்று பேச வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 1785-இல் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் கூடின. பேச்சு நன்றாகப் போனதால் மற்ற மாநிலங்களையும் கூப்பிட்டுப் பேசலாமே என்று 1786-இல் அன்னாபொலிஸில் ஒரு கூட்டம். அது போதாது என்று 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொன்று. அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. ஆற்றில் படகு விடுவதைப் பற்றிய பேச்சு அவ்வளவு தூரம் போயிற்று. கால்வாய் வேலையோ 17 வருடம் இழுத்தது. வாஷிங்டன் 1799-இல் இறந்தார், கிரேட் ஃபால்ஸ் லாக்குகள் திறந்தது 1802-இல்.

ஏன் 17 வருடம் என்பதற்குப் பதில் கீழே உள்ள மூன்று லாக்குகளில் இருக்கிறது. இரண்டாவது லாக்கைத் தாண்டினால் கால்வாய் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. அங்கே மண் இல்லை, செங்குத்தான பாறைதான். சுவர் கட்ட இடமும் இல்லை. ஆகவே மலையையே பிளந்து, அந்தப் பிளவுக்குள் மூன்று லாக்குகளையும் அடுத்தடுத்து இறக்கினார்கள். முதல் லாக் 10 அடி இறக்கும், இரண்டாவது 16, மூன்றாவது 14, கடைசி இரண்டும் ஆளுக்கு 18 அடி. அமெரிக்காவில் வெடிமருந்து வைத்துப் பாறை தகர்த்துச் செய்த ஆரம்பகாலக் கட்டுமானங்களில் இது ஒன்று. உளியையும் சம்மட்டியையும் வைத்துக் கையால் துளை போட்டு, கருமருந்தைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். பாறை முகத்தில் நெட்டுக்குத்தாக அரைக்குழாய் மாதிரி கோடுகள் தெரிகிறதா என்று பாருங்கள். துளையின் ஒரு பாதி வெடித்துப் போய்விட்டது, இன்னொரு பாதி இன்னும் பாறையில் இருக்கிறது. ஒரு துளை போட எத்தனை ஆயிரம் அடி அடித்திருப்பார்கள் என்று அதன் முன்னால் நின்றால்தான் உறைக்கும்.

பதினெட்டு அடி என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய இறக்கம். 100 அடி நீளம், 12 அடி அகலம், 18 அடி உயரம் என்று தோராயமாகப் பெருக்கிப் பாருங்கள், 21,600 கன அடி, அதாவது 6 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரே ஒரு படகு இறங்குவதற்கு இவ்வளவு தண்ணீர் மேலிருந்து கீழே போக வேண்டும். இறக்கம் கூடக் கூடத் தண்ணீர்ச் செலவு கூடும், கதவின் பாரம் கூடும், கசிவு கூடும், மரக்கதவு சீக்கிரம் கெடும். வேறு வழி இருந்திருந்தால் பொறியாளர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆற்றின் மேல்பகுதியில் உள்ள கம்பர்லாண்ட் ஊரிலிருந்து, அருவிக்குக் கீழே இன்றைய வாஷிங்டன் நகரத்துக்குள் இருக்கிற ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் படகுகள் வருவதற்கு மூன்று முதல் ஐந்து நாள். மாவு, சாராயம், புகையிலை, இரும்பு எல்லாம் வரும். திரும்பிப் போக வேண்டுமானால் ஓட்டத்தை எதிர்த்துக் கழி ஊன்றிப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ள வேண்டும். அதற்குப் பயந்து சிலர் ஜார்ஜ்டவுனிலேயே படகைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இவ்வளவு செய்தும் கம்பெனி ஏன் மூழ்கியது? ஒரு புதியவர் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பொடோமாக் கம்பெனி கட்டியது முழுநீளக் கால்வாய் இல்லை. ஆற்றையே பாதையாக வைத்துக்கொண்டு, படகு போக முடியாத ஐந்து இடங்களில் மட்டும் சுற்றுக் கால்வாய் வெட்டியது. அதில் லாக் தேவைப்பட்டது கிரேட் ஃபால்ஸிலும், அதற்குக் கீழே லிட்டில் ஃபால்ஸிலும்தான். மற்ற நூற்றுக்கணக்கான மைலும் ஆற்றின் தயவில். கோடையில் தண்ணீர் வற்றினால் படகு தரை தட்டும், வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும், குளிர்காலத்தில் உறைந்துவிடும். வருடத்தில் ஓரிரண்டு மாதம்தான் ஒழுங்காகப் படகு ஓடியது. லாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு லாக்குகளுக்கு நடுவில் உள்ள தண்ணீர் நம் கையில் இல்லை என்றால் பிரயோசனம் இல்லை. சுங்க வருமானம் கடனுக்கே காணவில்லை. 1828-இல் கம்பெனி தன் உரிமைகளைச் செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய்க் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது.

லாக்குகளோடு சேர்ந்து ஒரு ஊரும் செத்தது. முதல் லாக்குகளுக்குப் பக்கத்தில் மாடில்டாவில் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. புரட்சிப் போரில் குதிரைப்படைத் தளபதியாக இருந்த ஹென்றி லீ தன் மனைவி மாடில்டாவின் பெயரை அதற்கு வைத்தார். மாவு மில், மர அறுவை மில், இரும்புப் பட்டறை, விடுதி, மேற்பார்வையாளர் வீடு எல்லாம் இருந்தன. இன்றைக்குக் காட்டுக்குள் சில அடித்தளங்களும் ஒரு புகைபோக்கியின் கல்லும்தான் மிச்சம், வழிகாட்டிப் பலகையைப் படிக்காவிட்டால் கற்குவியல் என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

லாக் எப்படிப் பாழாகிறது என்பதையும் அங்கேயே படிக்கலாம். முதலில் போவது மரக்கதவு. கதவு போனதும் தண்ணீர் நிற்பதில்லை, தண்ணீர் நிற்காததால் சுவரை உள்பக்கமிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த விசை போய்விடுகிறது, பின்பக்கத்து மண் மட்டும் மழைநீரைக் குடித்துக் கனத்துச் சுவரைத் தள்ளுகிறது. இடுக்கில் விழுந்த விதை மரமாகி, வேர் கல்லைப் பெயர்க்கிறது. குளிரில் இடுக்குத் தண்ணீர் உறைந்து விரிந்து, ஒவ்வொரு வருடமும் ஒரு மயிரிழை அதிகமாக விலக்குகிறது. அதற்கு மேல் பொடோமாக் வெள்ளம். அருவியைப் பார்க்கிற மேடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் பெரிய வெள்ளங்களின் மட்டத்தைக் குறித்திருக்கிறார்கள், 1936 எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே ஆறு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், இந்தச் சுவர்கள் நிற்பதே பெரிது என்று தோன்றும். சில இடங்களில் பூங்காத் துறை சுவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, சில இடங்களில் சரிந்தபடியே விட்டிருக்கிறது.

நம் ஊர்ப் பக்கிங்ஹாம் கால்வாயிலும் லாக்குகள் உண்டு, ஆனால் அவற்றின் வேலை வேறு. அது கடலோரமாகக் கடல் மட்டத்திலேயே போகிற உப்புத்தண்ணீர்க் கால்வாய்; மலை இறங்க வேண்டியதில்லை. ஆறுகள் குறுக்கே வந்து கடலில் சேர்கிற இடங்களில் அலையேற்றமும் ஆற்று வெள்ளமும் கால்வாய்க்குள் புகாமல் தடுத்து, படகை மட்டும் விடுவதற்காகக் கட்டியவை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. லாக் என்றால் படி இறங்க மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இலை உதிர்ந்த பிறகு, நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் போங்கள். கோடையில் செடிகொடி மூடி, பத்தடி தள்ளி நிற்கிற சுவர்கூடத் தெரியாது. தொட்டால் அரிப்பெடுக்கிற மூன்றிலைக் கொடியும் பாதை ஓரமெல்லாம் இருக்கும், கற்களுக்கு நடுவே காப்பர்ஹெட் என்கிற விஷப்பாம்பும் இருக்கலாம். கடைசி லாக் பக்கம் பாறை விளிம்பு நேராக ஆற்றுக்கு இறங்குகிறது. தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் கீழே இழுப்பு பயங்கரம், இந்தப் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயிருக்கின்றன, தண்ணீரில் இறங்கத் தடையும் இருக்கிறது. குழந்தைகளைக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும்.

வர்ஜீனியாக் கரையில் பழைய லாக்குகளின் எலும்புக்கூட்டைப் பார்த்த அன்றே முடிந்தால் எதிர்க்கரைக்கும் போய்விடுங்கள். அருவியில் பாலம் கிடையாது, 495 சாலையில் சுற்றிக்கொண்டு மேரிலாந்து வர வேண்டும். 1828-இல் உரிமை வாங்கிய கம்பெனி, பழையவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஆற்றை நம்பாமல் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்ட் வரைக்கும் 184.5 மைல் தனிக் கால்வாயே வெட்டியது, 1850-இல் முடித்தது. மொத்தம் 74 லாக்குகள், ஒவ்வொன்றின் இறக்கமும் ஏறக்குறைய எட்டடி மட்டும். 18 அடி லாக் வேண்டாம், சின்னச் சின்னதாக நிறைய இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து நிலக்கரிப் படகுகளை இழுத்தன. 1924 வெள்ளத்தோடு அதுவும் நின்றது. பிறகு அந்த இடத்தில் சாலை போடலாம் என்று பேச்சு வந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்தே போய் எதிர்ப்புக் காட்டினார், 1971-இல் அது தேசியப் பூங்காவானது. அங்கே 20-ஆவது லாக்கில் மரக்கதவு இருக்கிறது. கதவை அசைக்கிற நீண்ட கட்டையையும், சுவரில் ஒதுங்குகிற பள்ளத்தையும், கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஆகவே இரண்டு கரையையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.